என் கை படாத முகம்

இந்தப் புருவத்த எங்க எடுத்தீய? கோவிச்சுக்கிடாதீய. திருநவேலியில ஏறுனதுலேந்து பாத்துக்கிட்டே வாரேன், கேக்காம இருக்க முடியல. இடது பக்கம் ஒரு முடி கூடுதலா எடுத்துட்டா, எடுத்தவ. ஒரே ஒரு இழைதான். வேற யாரு கண்ணுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். என் தொழிலு அது. ஐய, கையை வச்சு மறைக்காதீய. இந்த பஸ்ஸுல யாரு நம்மளப் பாக்கா?

நாகர்கோவிலா போறீய? நான் வள்ளியூர்ல எறங்கிருவேன். அங்கன ஒரு கல்யாணம். பொண்ணுக்குக் கை காலு வேக்ஸிங், புருவம், மேலுதடு எல்லாம் நாந்தான். இந்தப் பையில மெழுகு சூடாக்குற ஹீட்டரு இருக்கு, கால்ல இடிச்சிராமப் பாத்துக்கிடுங்க.

பியூட்டி பார்லர்க்காரின்னு பொதுவாச் சொல்லிறாதீய. என் சர்ட்டிபிகேட்ல என்ன போட்டிருக்கு தெரியுமா? தற்காலிக முடிநீக்கச் சிகிச்சை. சிகிச்சைன்னே போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரரு மாவு மில்லு வச்சிருக்காரு, சேரன்மாதேவியில. அவரு கேட்டாரு, தற்காலிகம்னா என்னன்னு. எடுத்தாத் திரும்ப வரும்னேன். "திரும்ப வரும்னா எதுக்கு எடுக்கணும்?"னாரு. "திரும்பப் பசிக்கத்தான செய்யும், எதுக்கு இப்பத் திங்கீய?"ன்னு கேட்டேன். இட்லிய முழுங்கிட்டு மில்லுக்குப் போயிட்டாரு.

ஆனா நான் ஒண்ணும் தொழிலுக்குன்னு படிக்கப் போகல. எம் மவளுக்காகப் போனேன். எம் மவளுக்காகப் போயி, எம் மவள இன்னொருத்தி கையில குடுத்துட்டு வந்தேன். அதச் சொல்லுதேன் கேளுங்க. தூக்கம் வருதா? இல்லைல்லா?

எனக்கு ஒரே மவ. சங்கரி. பத்தாங்கிளாஸ் படிக்கும்போது அவளுக்கு மேலுதட்டுல முடி வந்துட்டு. பூனைமுடி இல்ல, எட்ட நின்னு பாத்தாலே தெரியும். பொறவு தாடையிலயும் வந்துது. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, "நீர்க்கட்டி இருக்கு, மாத்திரை போடட்டும், நல்லா நடக்கட்டும், மெல்லத்தான் சரியாகும்"னாவ. மெல்லன்னா எத்தன நாளைக்கு? கஸ்தூரி மஞ்சள் அரைச்சுப் போட்டேன். குப்பைமேனி அரைச்சுப் போட்டேன். அவளும் பாவம், மூஞ்சியக் குடுத்துக்கிட்டு உக்காந்திருப்பா. எந்த மருந்துக்கும் முடி போகல. ஒருநாளு பஸ்ஸுல ஒரு பய, "என்ன மாப்ள, இன்னைக்கு சேவிங் பண்ணலியா?"ன்னு கேட்டிருக்கான். அன்னைலேந்து துப்பட்டாவ வாயோட சேத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் எம்புள்ள நடப்பா. சாப்பிடும்போதுகூட ஒரு கை வாய்கிட்டயேதான் இருக்கும்.

எங்கூரு பார்லருக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்தவ என்ன செஞ்சா தெரியுமா? இவ துப்பட்டாவ எடுத்த உடனே உள்ள பாத்து, "ஏக்கா, இங்க வந்து இந்தப் பிள்ளையப் பாரேன், ஆம்பளைக்கு இருக்க மாதிரில்லா இருக்கு"ன்னு கூப்பிட்டுக் காட்டுதா! சங்கரி எந்திரிச்சு ஓடியாந்துட்டா. வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டா. என்ன பொம்பளைன்னு பாருங்க. ஒரு வயசுப் புள்ளையோட சங்கடத்த இப்படியா நாலு பேருக்கு எடுத்துக் காட்டுவா? மூதி.

கதவுக்கு வெளிய நின்னு நான் சொன்னேன்: "எட்டி, நீ இனி எவ முன்னாலயும் மூஞ்சியக் காட்ட வேண்டாம். நானே போயிப் படிச்சிட்டு வந்து எங் கையாலயே உனக்கு எடுத்துவிடுதேன்." அதுக்கு அவ கதவத் தொறந்து, "நெசமாவாம்மா?"ன்னு கேட்டா. அந்த மூஞ்சி எனக்கு இப்பவும் கண்ணுலயே நிக்கி. அன்னைக்கு அவ எங்கிட்டதான் கேட்டா. வேற யார்ட்டயும் இல்ல.

அப்படித்தான் திருநவேலியில அந்தப் பயிற்சிக்குச் சேந்தேன். மூணு மாசம். சின்னஞ் சிறுசுக நிறைய, என் வயசுல ரெண்டு மூணு பேரு. நளினி மேடம்னு ஒருத்தவ சொல்லிக் குடுத்தாவ. எனக்குப் பக்கத்து எடத்துல ஜெபாக்கனின்னு ஒருத்தி வந்து உக்காந்தா. பாளையங்கோட்டைக்காரி. இருவத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லியா, நெறங் கம்மியா, பாத்தா ஒண்ணும் இல்ல. வாயத் தொறக்க மாட்டா. நாம பத்துக் கேட்டா ஒண்ணு சொல்லுவா. ஊமைக்கோட்டான்.

எனக்குப் பொறாமையெல்லாம் கெடையாது, பாத்துக்கிடுங்க. எங்க ஓரகத்தி அஞ்சு பவுன்ல ஆரம் போட்டுக்கிட்டு முன்னால முன்னால வந்து நின்னப்பகூட, "நல்லா இருக்குட்டி"ன்னு மனசாரச் சொன்னவ நான். ஆனா இந்த ஜெபாவ மொத நாளே எனக்குப் பிடிக்கல.

மொத நாளு மேடம் எல்லாரையும் எந்திரிச்சு, எதுக்கு இந்தப் படிப்புக்கு வந்தீயன்னு சொல்லச் சொன்னாவ. ஒருத்தி பார்லர் வைக்கணும்னா. ஒருத்தி மாமியாத் தொல்ல தாங்காம வந்தேம்னா, எல்லாரும் சிரிச்சாவ. எம் மொறை வந்துது. நான் ஒளிக்காம மறைக்காமச் சொன்னேன். எம் மவளுக்கு அவ அப்பா மாதிரியே மீசை வந்துட்டு, தாடையிலயும் இருக்கு, பஸ்ஸுல பயலுவ கேலி பண்ணுதானுவ, அவளுக்காகத்தான் வந்திருக்கேன்னு. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துட்டு. போன்ல அவ போட்டோ இருந்துது, கிட்டக்க எடுத்தது, டாக்டரம்மாவுக்கு அனுப்ப எடுத்தது. அதயும் காட்டுனேன். மொத வரிசையிலேந்து கடைசி வரிசை வரைக்கும் போன் போயிட்டு வந்துது. எல்லாரும், "அச்சோ, பாவமே"ன்னாவ. ஒரு தாயோட வேதனை ஒரு தாய்க்குத்தான தெரியும்? இந்த ஜெபா மட்டும் போன வாங்கி, பாக்கவே இல்ல, அப்படியே கவுத்து எங் கையில வச்சிட்டா. பாருங்க அவ திமிர. எம்புள்ள மூஞ்சிய ஒரு தடவ பாக்கக்கூட அவளுக்கு மனசு வரல.

படிப்பு எனக்கு நல்லா வந்துது. நூல எப்படி முறுக்கணும், எப்படிக் கத்திரி மாதிரி விரிச்சுச் சுருக்கணும், எந்தப் பக்கம் முடி வளருதோ அதுக்கு எதுத்தாப்ல இழுக்கணும். மெழுகுன்னா வளருத பக்கமாத் தடவணும், எதுத்த பக்கமா உரிக்கணும். தடவறதுக்கு முன்னால நம்ம மணிக்கட்டுல சூடு பாக்கணும். காயம், பரு இருந்தாத் தொடக்கூடாது. எல்லாத்தையும் வீட்டுல வந்து எங் காலுலயே போட்டுப் பாப்பேன். எங்க வீட்டுக்காரரு காதுல முடி புதரு மாதிரி இருக்கும், அதுல பழகுனேன். அவரு கத்துன கத்துல அடுத்தாப்ல இருக்க மில்லுக்கு மாவரைக்க வந்தவியல்லாம் எட்டிப் பாத்துச் சிரிச்சாவ. அன்னைலேந்து காதக் குடுக்க மாட்டேன்னுட்டாரு.

வகுப்புல எங் கைதான் வேகம். மேடமே சொன்னாவ, எல்லாரு முன்னாலயும் இல்ல, தனியாக் கூப்பிட்டு: "செண்பகம், உங்க கை அருமையான கை. வாயத்தான் கொஞ்சம் கட்டணும்." நான் அதுவரைக்கும் நூல் நுனியப் பல்லுல கடிச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் எடுப்பேன், பழைய மொறையில. எச்சி படும்லா, அதச் சொல்லியிருக்காவ. சரின்னு அடுத்த நாளே கழுத்துல சுத்திப் பழகிட்டேன். அதுவும் ஒரு வகைக்கு நல்லதாப் போச்சு. வாயில நூலு இல்லைன்னா வேலை செஞ்சுக்கிட்டே நல்லாப் பேசலாம்.

ஜெபா ஆமை. அவ ஒரு புருவம் எடுக்கதுக்குள்ள நான் ரெண்டு பேர முடிச்சிருவேன். ஆனா பழகுறதுக்குன்னு வெளியிலேந்து பொம்பளைய வருவாவல்லா, சும்மாதான எடுத்துவிடுதோம், எல்லாரும் போயி அவ முன்னாலதான் நிப்பாளுவ. "எங்கிட்ட வாங்கக்கா, எனக்கு ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்"னு நான் கூப்பிடுவேன். "இருக்கட்டும், அவங்க முடிக்கட்டும்"னு பொறுமையா நிப்பாளுவ. ஒருத்தி எங்கிட்டேந்து எந்திரிச்சு அங்க போனா, தெரியுமா? அவளுக்கு என்ன கொறை வச்சேன்? "முதுகுல எவ்ளோ முடி, உங்க அம்மாவுக்கும் இப்படித்தானா?"ன்னு ஒரு வார்த்த கேட்டேன். அக்கறையாக் கேட்டேன். அவ்வளவுதான்.

ஜெபா கை எப்பவும் ஐஸு மாதிரி இருக்கும். அதான் போல எல்லாருக்கும் பிடிக்கி. நானும் ஒருநாளு கூஜாத் தண்ணியில கைய முக்கி வச்சிட்டுப் போயி எடுத்துப் பாத்தேன். ஈரக் கையில நூலு வழுக்குது.

பொறவு, வீட்டுலேந்து ஒரு ஆளக் கூட்டியாந்து மேடம் முன்னால செஞ்சு காட்டுற நாளு வந்துது. நான் எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருந்தேன், எம் மவளத்தான் கூட்டியாருவேன், நீங்கல்லாம் போட்டோவுல பாத்த புள்ள, நேருல பாருங்கன்னு. சங்கரி வரமாட்டேம்னா. "வீட்டுல வச்சே எடும்மா"ன்னா. "கூறுகெட்டவளே, மேடம் பக்கத்துல இருந்தா நல்லதுல்லா, ஏதும் தப்பாப் போயிறக் கூடாதுல்லா"ன்னு இழுத்துக்கிட்டுப் போனேன். வந்தா. துப்பட்டாவோட வந்தா.

நாற்காலியில உக்கார வச்சு, தலைக்கு பேண்டு போட்டு, பவுடரு போட்டு, எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். சுத்தி நின்னவியளுக்கும் தெரியணும்லான்னு சொல்லிக்கிட்டே செஞ்சேன். "இந்தா, நான் சொன்னேம்லா, இதான், தாடையிலதான் ரொம்பத் தடிச்சிருக்கு, தொட்டுப் பாருங்க"ன்னேன். ரெண்டு பேரு தொட்டுப் பாத்தாவ. சங்கரி கண்ண மூடிக்கிட்டு இருந்தா. நூலு இன்னும் பட்டிருக்காது, பாத்துக்கிடுங்க. படவே இல்ல. படாரெனு எந்திரிச்சா. "எனக்குத் தலை வலிக்கி"ன்னா. பவுடரு மூஞ்சியோட வெளிய போயிட்டா.

நான் பின்னாலயே போகப் பாத்தேன். மேடம் எங் கையப் பிடிச்சுக்கிட்டாவ. "நீங்க கொஞ்சம் இருங்க, செண்பகம்"னாவ. ஜெபா எந்திரிச்சுப் போனா. யாரு இவளப் போகச் சொன்னா? எம் மவ, நான் இங்க நிக்கேன், இவ போறா.

ரொம்ப நேரம் ரெண்டு பேரையும் காணும். வேக்ஸிங் செய்யிற தடுப்பு ஒண்ணு இருக்கும், பச்சைத் திரை போட்டு. அதுக்குள்ள இருந்திருக்காளுவ. பொறவு திரைய விலக்கிட்டு எம்புள்ள வந்தா பாருங்க…

என்னத்தச் சொல்ல. அந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. பெத்தவ நான், பாத்ததே இல்ல. மேலுதடு லேசாச் செவந்திருக்கு, தாடை பளிச்சுனு இருக்கு, சின்னப் புள்ளையில எப்படி இருந்தாளோ அப்படி. துப்பட்டா தோள்ல கெடக்கு. கை ரெண்டும் சும்மாத் தொங்குது. வாய்கிட்ட இல்ல. மேடம் பாத்துச் சிரிச்சாவ. சங்கரியும் சிரிச்சா. பல்லுத் தெரியச் சிரிச்சா.

நான் சந்தோசப்படணும்ல. பட்டேன். ஆனா கதவத் தொறந்து "நெசமாவாம்மா?"ன்னு எங்கிட்டதான கேட்டா? எங் காலு முடிய நானே பிடுங்கிப் பழகுனது இதுக்குத்தான? அந்த மூஞ்சி எங் கையில மலர்ந்திருக்கணும். ஆமை கையில மலர்ந்துட்டு.

வீட்டுக்கு வாற வழியில கேட்டேன்: "உள்ள அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"இவ்ளோ நேரம் என்னதான் பேசுனீய?"

"ஒண்ணும் பேசலம்மா."

பாத்தீயளா? எங்கிட்டயே மறைக்கா. ஒண்ணும் பேசாம ரெண்டு பொம்பளைய அரைமணி நேரம் ஒரு திரைக்குள்ள இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

பயிற்சி முடிஞ்சு எனக்கு சர்ட்டிபிகேட் வந்துது. நானும் வீட்டுலயே ஒரு ரூமுல ஆரம்பிச்சேன். ஜெபா பாளையங்கோட்டையில ஒரு பார்லர்ல வேலைக்குச் சேந்துட்டா. சங்கரி பன்னெண்டு முடிச்சுச் சேந்த காலேஜும் அங்கதான. மாசத்துக்கு ரெண்டு தடவ காலேஜு விட்டு அவகிட்டப் போயி எடுத்துட்டு வருவா. வீட்டுல நான் இருக்கேன், சர்ட்டிபிகேட் கண்ணாடி போட்டுத் தொங்குது. எம் மவ அடுத்தவகிட்டப் போறா. ஊர்ல கேக்க மாட்டாவளா? "உனக்கு நானே எடுத்துவிடுதேன்னு சொன்னேம்லாட்டி"ன்னா, "உனக்கு எதுக்கும்மா செரமம்"பா. செரமமாம்.

பேச்செல்லாம் ஜெபாக்கா, ஜெபாக்கா. ஜெபாக்காவுக்கு மீன் கொழம்பு பிடிக்கும். ஜெபாக்காவுக்கு இன்னைக்குப் பொறந்த நாளு. கேக்கு வாங்கிட்டுப் போனா, பாத்துக்கிடுங்க. எம் பொறந்த நாளு அவளுக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது, அது வேற. தெரிஞ்சுக்கணும்னு அவளுக்குத் தோணணும்லா?

ஒருநாளு எனக்குத் தாங்கல. அவ போற நாளாப் பாத்து நானும் பஸ்ஸேறி அந்தப் பார்லருக்குப் போயிட்டேன். முன்னால நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாவ. நானும் சும்மா வந்தவ மாதிரி உக்காந்தேன். உள்ள திரை. காதத் தீட்டிக்கிட்டு இருந்தேன், என்னதான் பேசுதாளுவன்னு. ஒரு சத்தம் இல்ல. கொஞ்ச நேரம் சர்ரு சர்ருனு நூலுச் சத்தம் கேட்டுது. பொறவு அதுவும் இல்ல. எந்திரிச்சுப் போயித் திரை ஓரமாப் பாத்தேன்.

எம் மவ தூங்குதா. நாற்காலியில சாஞ்சு, வாய லேசாத் தொறந்துக்கிட்டு, பச்சப்புள்ள கணக்கா. அந்த ஜெபா நூலக் கையில சுத்தி வச்சுக்கிட்டு நிக்கா. எழுப்பல. வெளிய நாலு பேரு காத்துக் கெடக்காவ, இவ எழுப்பாம நிக்கா. நிழலு விழுந்தா முழிச்சிருவாளோன்னு தள்ளி நிக்கா.

என் வீட்டுல அவ தூங்கி நான் பாத்து எவ்வளவு நாளாச்சு? நான் ரூமுக்குள்ள போனாலே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடுவா. இங்க, எவளோ ஒருத்தி முன்னால, மூஞ்சிய மேல காட்டிக்கிட்டு…

எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். திரையச் சர்ருனு இழுத்தேன். "ஏ, எம் மவளுக்கு என்னட்டி மருந்து வச்ச?"ன்னு கேட்டுட்டேன். "அவளுக்கு மீசை மொளைச்ச நாள்லேந்து மஞ்ச அரைச்சுப் போட்டவ நானு. தாடையில முடி வந்தப்ப டாக்டருகிட்டத் தூக்கிக்கிட்டு ஓடுனவ நானு. நேத்து வந்த நீ யாரு?" வெளிய இருந்தவியல்லாம் எந்திரிச்சு நின்னு பாத்தாவ.

ஜெபா என்ன சொன்னாங்கீய? சத்தமே போடல. மெல்லத் திரைய எங் கையிலேந்து வாங்கி மூடுனா. "அக்கா, இங்க யாருக்கும் இவ யாருன்னுகூடத் தெரியாது"ன்னா. "இப்பத்தான் தெரியும்."

இதுக்கு என்ன அர்த்தம்? எம் மவன்னு அவ யார்ட்டயும் சொல்லிக்கலியாம். எம்பேரச் சொன்னா அவ தொழிலு எனக்கு வந்துரும்னு பயம். வேற என்ன?

சங்கரி முழிச்சுட்டா. என்னய ஒரு பார்வ பாத்தா. துப்பட்டாவ எடுத்து வாயோட சேத்துப் பிடிச்சா. முடியே இல்ல அங்க, எடுத்தாச்சு, ஆனாலும் பிடிச்சா. பிடிச்சுக்கிட்டே எறங்கிப் போயிட்டா.

அதுலேந்து ஹாஸ்டல்ல சேந்துட்டா. படிக்கணும், தொலைவா இருக்குன்னு அப்பாகிட்டச் சொல்லிச் சேந்துட்டா. எங்கிட்டக் கேக்கவே இல்ல. எல்லாம் அந்த ஜெபா போட்டுக் குடுத்த திட்டம்.

நான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். கெட்டது ஒண்ணும் வேண்டல, சாமி முன்னால பொய் சொல்ல மாட்டேன். அந்த ஜெபாவுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையாக் கெடைச்சு, எங்கயாவது தூரமாப் போகணும்னு வேண்டுனேன். காந்திமதி அம்மன் கேட்டா பாருங்க. மும்பை மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சா. போனேன். எங்க சொந்தத்துலகூட நான் அவ்ளோ பெரிய எவர்சில்வரு அண்டா குடுத்தது இல்ல. அவ்ளோ சந்தோசம் எனக்கு. ரயிலேத்தப் போன எடத்துல சங்கரி தேம்பித் தேம்பி அழுதா. பெத்தவ செத்தாக்கூட அப்படி அழுவாளான்னு தெரியல. அழட்டும்னு விட்டேன். ரயிலு போயிரும்லா.

பொறவு நான் வீட்டுல எல்லாத்தையும் எடுத்து வச்சேன். புது நூல்கண்டு. கத்தாழை ஜெல். சன்னல் பக்கத்துல நல்ல நாற்காலி. முடி வரத்தான வேணும்? தற்காலிகம்லா அது. இனி எங்க போவா? எங்கிட்டதான வந்து மூஞ்சியக் காட்டணும்? ஒருத்தரையும் வராதீயன்னு சொல்லி வச்சிட்டு, அவ லீவுக்கு வாற நாள எண்ணிக்கிட்டு இருந்தேன்.

வந்தா. வாசல்ல செருப்பக் கழத்தும்போதே பாத்துட்டேன். பளிங்கு மாதிரி இருக்கு மூஞ்சி. ஒரு முடி இல்ல.

"யாரு எடுத்தா?"ன்னேன்.

"நானே எடுத்தேன்மா. கண்ணாடி பாத்து."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா போறதுக்கு முன்னால சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனாங்க."

பாத்தீயளா அவ செஞ்ச வேலைய? போகும்போதும் எனக்குன்னு ஒண்ணும் விட்டு வைக்கல. நான் சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா? எங்கிட்டக் கேட்டாளா? அந்த நாற்காலிய அன்னைக்கே தூக்கி மில்லுல போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரரு அதுல உக்காந்துதான் இப்பக் கணக்குப் பாக்காரு.

இப்ப போன பங்குனி உத்திரத்துக்கு வந்திருந்தா. கோயிலுக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கோம். நான் கண்ணாடி முன்னால நின்னு பொட்டு வச்சுக்கிட்டு இருக்கேன். பின்னால வந்து நின்னு என்னயவே பாத்தா. எனக்குத் தாடைக்கு அடியில முடி இருக்கு. நாலஞ்சுதான். கறுப்பா, கம்பி மாதிரி. தீட்டு நிக்கிற வயசுல சில பேருக்கு வருமாம், எங்க பாடத்துலயே இருந்துது. மத்தவியளுக்கு எடுப்பேன், எனக்கு அந்த எடம் கண்ணுக்கு எட்ட மாட்டேங்கு. வெளிச்சத்துல வரும்போது சீலைத் தலைப்ப இழுத்து விட்டுக்கிடுவேன். யாரும் பாத்திருக்க மாட்டாவன்னுதான் நெனச்சிருந்தேன்.

இவ பாத்துட்டா. போயிக் கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டா. சன்னலயும் சாத்துனா. வெளிய அவ அப்பா, "நேரமாச்சு, என்ன பண்ணுதீய?"ன்னு கூப்பிடுதாரு. "சீல கட்டுதோம்ப்பா"ன்னு சொன்னா. பொய்யி. எனக்காவ பொய் சொன்னா. பொறவு என்னயக் கட்டில்ல உக்கார வச்சு, நாடியப் பிடிச்சு மேல தூக்குனா.

கை ஐஸு மாதிரி இருக்கு. நான் பெத்த புள்ள கை, எப்ப இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியல. நூல முறுக்குனா. எங்கிட்ட இருக்க வேகம் இல்ல. மெல்ல, ஒவ்வொண்ணா. இந்தப் பக்கம் ஒண்ணு, ஊதி விட்டுட்டு, அந்தப் பக்கம் ஒண்ணு. அப்படியே ஜெபா. விரலு மடக்குறதுலேந்து மூச்சு விடுறது வரைக்கும் அப்படியே அவ. "ஏட்டி, இப்படிப் பிடிச்சா…"ன்னு ஆரம்பிச்சேன். "பேசாதம்மா, இழுத்துரும்"னா. சரின்னு பேசாம இருந்தேன். கண்ணுல தண்ணி ஊத்துது. அது நூலு பட்டா எல்லாருக்கும் வாறதுதான், தும்மலும் வரும், உங்களுக்குத் தெரியும்லா.

முடிஞ்சதும் ஈரத்துணிய ஒத்தி எடுத்தா. சுத்தமா எடுத்திருந்தா. தொழிலுக்காரி நான் சொல்லுதேன், தடவிப் பாத்தேன், அவ்ளோ சுத்தம். பொறவு எங் காதுகிட்டக் குனிஞ்சு, "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்மா"ன்னு சொல்லிட்டுக் கதவத் தொறக்கப் போனா.

அது அவ சொந்தப் பேச்சு இல்ல. எனக்குத் தெரியாதா? ஜெபா அப்படித்தான் ஒவ்வொருத்தி காதுலயும் குனிஞ்சு சொல்லுவாளாம், சங்கரியே பொறவு சொன்னா. அந்தப் பச்சைத் திரைக்குள்ளயும் இதத்தான் சொன்னாளாம். இந்த ஒரு வார்த்தைதானாம், வேற ஒண்ணும் பேசலியாம். நான் பெத்த வாயில அவ வார்த்த. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. யார்ட்டயும் சொல்ல மாட்டாளாம். சொன்னாத்தான் என்ன? இதுல என்ன இருக்கு? ஊரு உலகத்துல இல்லாததா? இந்தா, உங்ககிட்டச் சொல்லுதேன்லா.

என்ன, வள்ளியூரா? வந்துட்டா? ஏ தம்பி, நிப்பாட்டச் சொல்லுங்க, எறங்கணும். அந்தப் பைய இப்படித் தள்ளுங்கம்மா, பாத்து, சாச்சிராதீய. வாரேன். நல்லாருங்க.

இங்க பாருங்க. நீங்க யாரோ, நான் யாரோ. இருந்தாலும், என் தாடை விசயம் இருக்குல்லா. அத மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீய. என்ன?